மாலை ஏழரை மணிக்கு உங்கள் பேருந்து எங்கே போகிறது?

தமிழ்நாட்டிலிருந்து லண்டனுக்குக் குழுச் சுற்றுலா நடத்தும் நிறுவனத்தாருக்கு,

அடுத்த கோடைக்கான உங்கள் பயணத் திட்டங்களைப் பார்த்தோம். லண்டனில் மூன்று இரவு. லண்டன் ஐ ராட்டினம் இருக்கிறது, மெழுகு பொம்மைகள் இருக்கின்றன, டவர் பிரிட்ஜ் பக்கம் இறங்கிப் படம் எடுத்துக்கொள்ளப் பதினைந்து நிமிடம் இருக்கிறது. நாடகம் இல்லை. உங்களில் சிலர் மட்டும் கடைசிப் பக்கத்தில், ‘ஆப்ஷனல்’ என்ற தலைப்பின்கீழ், ‘வெஸ்ட் எண்ட் மியூசிக்கல் ஷோ’ (லண்டனின் அரங்கு வட்டாரத்தில் ஓர் இசை நாடகம்) என்று ஒரு வரியும் எதிரே ஒரு தொகையும் போட்டிருக்கிறீர்கள். எந்த நாடகம், எந்த அரங்கு, எந்த வரிசை என்று ஒரு சொல் கிடையாது. பழனிக்குக் கூட்டிப்போய் அடிவாரத்தோடு திருப்பி அழைத்துவந்துவிட்டு, மலையேற விருப்பமிருந்தால் தனிக் கட்டணம் என்பதுபோல் இருக்கிறது இது.

லண்டன் அரங்குகளில் தமிழ்க் குழுக்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து, கூட உட்கார்ந்து, திரும்ப ஓட்டலில் கொண்டுபோய் விடுகிறவர்கள் நாங்கள். நாடகத்தைத் திட்டத்திலிருந்து எடுத்ததற்கு நீங்கள் சொல்லும் காரணங்களையெல்லாம் கேட்டிருக்கிறோம். பேருந்து நிற்காது, பயணிகள் தூங்கிவிடுகிறார்கள், நம் ஆட்களுக்கு நாடகம் புரியாது. மூன்றில் முதல் இரண்டு உண்மை. ஆனால் இரண்டுக்கும் வழி இருக்கிறது, அந்த வழி உங்களுக்கும் தெரியும்.

பேருந்தை எடுத்துக்கொள்வோம். ‘டிரைவர் டைம் முடிஞ்சிடும்’ என்று உங்கள் டூர் மேனேஜர் சொன்னால் பயணிகள் அதைச் சாக்கு என்று நினைக்கிறார்கள். சாக்கல்ல, சட்டம். பிரிட்டனில் சுற்றுலாப் பேருந்து ஓட்டுபவர் நாளொன்றுக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம்; வாரத்தில் இரண்டு நாள் 10 மணி வரை போகலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் நிறுத்தியாக வேண்டும். எல்லாவற்றையும்விட நாடகத்துக்குக் குறுக்கே நிற்பது ஓய்வுக் கணக்கு: வேலை தொடங்கிய நேரத்திலிருந்து 24 மணிக்குள் வழக்கமாகத் தொடர்ச்சியாக 11 மணி நேர ஓய்வு எடுத்து முடித்திருக்க வேண்டும். ஆகவே வழக்கமான நாளில் வேலை நேரத்தின் நீளம் அதிகபட்சம் 13 மணி. உங்கள் குழு காலை 8 மணிக்கு ஓட்டல் வாசலில் ஏறுகிறது என்றால் ஓட்டுநர் 7 மணிக்கே டிப்போவில் வேலையைத் தொடங்கியிருப்பார். அவருடைய நாள் இரவு 8 மணிக்கு முடிகிறது. நாடகம் தொடங்குவது ஏழரைக்கு, முடிவது பத்து அல்லது பத்தேகாலுக்கு. சட்டப்படி அந்தப் பேருந்து வர முடியாது.

ஆனால் அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. ஓய்வை இரண்டாகப் பிரிக்கலாம்: பகலில் இடைவிடாமல் 3 மணி நேரம், இரவில் 9 மணி நேரம். அப்படிச் செய்தால் வேலை நாளின் நீளம் 15 மணி ஆகிவிடும். குழு பிரிட்டிஷ் மியூசியத்துக்குள் இருக்கும் நேரத்தில் ஓட்டுநரை உண்மையாகவே விடுவித்துவிட்டால் அந்த மூன்று மணி நேரம் கிடைக்கும். வண்டியிலேயே உட்காரவைத்து, பத்து நிமிடத்துக்கொரு தரம் போன் போட்டு இங்கே வா அங்கே வா என்றால் அது ஓய்வுக் கணக்கில் வராது. இதோடு, நாடகத்தன்று ஒரு நாள் மட்டும் புறப்பாட்டைக் காலை பத்தரைக்குத் தள்ளினால் போதும். முந்தின நாட்கள் ஓடியாடிய கால்களுக்கும் அது தேவைதான். ஓட்டுநர் ஒன்பதரைக்குத் தொடங்கினால், பிரித்த ஓய்வோடு நள்ளிரவு தாண்டியும் சட்டத்துக்குள் இருப்பார். பேருந்து அரங்க வாசலில் காத்திருக்க முடியாது என்பது வேறு விஷயம். வெஸ்ட் எண்டில் எங்கேயும் அப்படி முடியாது. ஏறும் இடத்தைக் காலையிலேயே காட்டிவிடுவதுதான் வழி.

பேருந்தே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது. உங்கள் ஓட்டல்களில் பாதி ஹீத்ரோ பக்கம், ஹேஸ் பக்கம் இருக்கின்றன. எலிசபெத் லைன் 2022-இல் திறந்தபிறகு டாட்டன்ஹாம் கோர்ட் ரோடிலிருந்து ஹேஸுக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூ அரங்குகளிலிருந்து அந்த நிலையம் நடக்கும் தூரம், லிஃப்ட் உண்டு. கோவென்ட் கார்டன் நிலையத்துக்கு மட்டும் கூட்டிப்போகாதீர்கள். நாடகம் விட்ட நேரத்தில் லிஃப்ட்டுக்கு வரிசை நிற்கும், படி வழியே போனால் 193 படி.

இரண்டாவது, தூக்கம். லண்டன் கோடையில் நம் நேரத்துக்கு நாலரை மணி பின்னால் இருக்கிறது. மாலை ஏழரைக் காட்சிக்கு விளக்கு அணையும்போது உங்கள் பயணியின் உடம்புக்கு நள்ளிரவு 12 மணி. இடைவேளை முடிந்து மணியடிக்கும்போது ஒன்றரை. வந்திறங்கிய அன்றைக்கோ மறுநாளோ இதைச் செய்தால் எண்பது பவுண்ட் இருக்கையில் தூங்குவதைத் தவிர வேறு என்ன செய்வார்? இதைப் பார்த்துவிட்டுத்தான் ‘நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் பிடிக்கல’ என்று முடிவுகட்டியிருக்கிறீர்கள். பிற்பகல் காட்சிக்குக் கூட்டிப்போய்ப் பாருங்கள். பெரும்பாலான அரங்குகளில் புதன் அல்லது வியாழன், அத்துடன் சனி, இரண்டரை மணிக்கு ஒரு காட்சி உண்டு. லண்டன் இரண்டரை என்றால் ஊர்க் கணக்கில் இரவு ஏழு மணி. சபா நாடகம் தொடங்கும் நேரம்! ஐந்து மணிக்கு வெளியே வந்துவிடலாம். இரவுச் சாப்பாடு வழக்கம்போல் ஆறரைக்கு. ஓட்டுநரின் மூன்று மணி நேர ஓய்வும் அதற்குள் அடங்கிவிடும். செய்ய வேண்டியதெல்லாம் லண்டன் நாட்களில் ஒன்று புதன், வியாழன், சனி இவற்றில் விழும்படி பயணத்தை அமைப்பதுதான். ஞாயிறு பல அரங்குகளுக்கு விடுமுறை. சனி–ஞாயிறு–திங்கள் என்று லண்டனை வைப்பவர்களுக்குப் பெரும்பாலும் சனி பிற்பகல் ஒன்றுதான் மிச்சம், அதுவோ விலை கூடிய காட்சி.

இனி நாங்கள் அதிகம் கோபப்படும் இடத்துக்கு வருகிறோம்: இருக்கை.

‘பால்கனி டிக்கெட் போட்டிருக்கோம்’ என்று உங்கள் ஆட்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். நம் ஊர் சினிமாக் கொட்டகையில் பால்கனி என்றால் உசத்தி. லண்டன் பழைய அரங்குகளில் அது தலைகீழ். கீழ்த்தளத்தில் ‘ஸ்டால்ஸ்’; அதற்கு மேல் ‘டிரெஸ் சர்க்கிள்’, சில இடங்களில் இதையே ‘ராயல் சர்க்கிள்’ என்பார்கள்; அதற்கும் மேல் ‘அப்பர் சர்க்கிள்’ அல்லது ‘கிராண்ட் சர்க்கிள்’; உச்சியில் ‘பால்கனி’. விலையில் கடைசி அதுதான். ஷாஃப்ட்ஸ்பரி அவென்யூவிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள அரங்குகள் பலவும் 1880-களிலிருந்து முதல் உலகப் போர் வரை கட்டப்பட்டவை. மலிவு டிக்கெட்காரர்கள் சீமான்களோடு கலந்துவிடாதபடி மேல்தளத்துக்குத் தனி வாசல், தனிப் படிக்கட்டு வைத்துக் கட்டினார்கள். அந்தப் படிக்கட்டுகள் இன்றைக்கும் அப்படியே. பல அரங்குகளில் மேல்தளத்துக்கு லிஃப்ட் கிடையாது. இரண்டு மூன்று மாடி ஏற வேண்டும், உள்ளே போனதும் ஒரு கிணற்றுக்குள் எட்டிப்பார்ப்பதுபோல் செங்குத்தாக இறங்கும் வரிசைகள், கால் நீட்ட இடமில்லை. மூட்டுவலிக்காரர்களையும் தலைசுற்றல் உள்ளவர்களையும் ஒரு வார்த்தை சொல்லாமல் அங்கே அனுப்புகிறீர்கள்.

ஸ்டால்ஸ் என்றால் படியே இல்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். பல அரங்குகளில் தெருமட்டத்தில் இருப்பது டிரெஸ் சர்க்கிள். ஸ்டால்ஸுக்குக் கீழே இறங்க வேண்டும். பிக்காடிலி சர்க்கஸில் உள்ள கிரைடீரியன் அரங்கு 1874-இல் திறந்தது, கிட்டத்தட்ட முழுதும் பூமிக்கடியில். அங்கே மேல்தளத்துக்கும் இறங்கித்தான் போக வேண்டும்.

ஸ்டால்ஸின் கடைசி வரிசைகளில் இன்னொரு சிக்கல். மேலே இருக்கும் சர்க்கிள் கூரைபோல் நீண்டு வந்து மேடையின் மேல்பாதியை மறைத்துவிடும். பின்வரிசையில் இருப்பவர்கள் குரலை மட்டும் கேட்டுக்கொண்டு, அங்கே உயரத்தில் யார் நிற்கிறார்கள் என்று பக்கத்தில் விசாரிக்க வேண்டியதுதான். தூண்கள் வேறு. இரும்பு உத்திரங்களை வைத்துத் தூணில்லாமல் மாடம் கட்டும் முறை பரவுவதற்கு முந்தைய அரங்குகளில் தூண் இருக்கிறது, தூணுக்குப் பின்னால் இருக்கையும் இருக்கிறது. ‘பார்வை மறைக்கும் இருக்கை’ என்று அரங்குக்காரர்கள் டிக்கெட்டிலேயே அச்சிட்டு விலையைக் குறைத்துத்தான் விற்கிறார்கள். அந்தக் குறைந்த விலை உங்கள் பயணிவரை வந்து சேர்வதில்லை. அச்சிட்ட வரியையும் அவர் பார்ப்பதில்லை, ஏனென்றால் டிக்கெட் டூர் மேனேஜர் கையில்.

பெரியவர்கள் அதிகம் உள்ள குழுவுக்கு எங்கள் கணக்கில் நல்ல இடம், மேடை உயரமாக உள்ள அரங்கு என்றால் ஸ்டால்ஸில் எட்டாவது வரிசைக்குமேல் நடுப்பகுதி. இல்லாவிட்டால் டிரெஸ் சர்க்கிளில் முதல் நான்கு வரிசை. அதற்குப் பணம் பற்றாது என்றால் பழைய அரங்குகளை விட்டுவிட்டு ஆற்றின் தென்கரைக்கு வாருங்கள். 1976-இல் திறந்த நேஷனல் தியேட்டரில் மூன்று மேடைகள், லிஃப்ட், சாய்வான அகலமான வரிசைகள். மலிவு இருக்கையிலும் மேடை தெரியும். வெளியே கான்கிரீட் கோட்டைபோல் இருப்பதால் பேருந்திலிருந்து பார்ப்பவர்கள் ஏதோ அலுவலகம் என்று தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மூன்றாவது காரணம்தான் எங்களை இந்த மடல் எழுதவைத்தது. நம்மவர்களுக்குப் புரியாதாம். விடிய விடியத் தெருக்கூத்துப் பார்த்த ஊர் நம்முடையது. பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கி, ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை ‘அமலாதித்யன்’ ஆக்கி மேடையேற்றினார். வெனிஸ் நகர வணிகன் ‘வாணிபுர வணிகன்’ ஆனான். கதை புரியாது என்று அவர் நினைக்கவில்லை. உண்மையான தடை கதையல்ல, காது. ஆங்கிலத்தை வாசித்துவிடும் நம்மவர்கள் பலருக்கு லண்டன் பேச்சின் வேகம் பிடிபடுவதில்லை. இதற்கு அங்கேயே ஏற்பாடு உண்டு. காது கேளாதவர்களுக்காக, வசனம் முழுவதையும் மேடையோரத் திரையில் எழுத்தாகக் காட்டும் காட்சிகள் நடக்கின்றன. ஒவ்வொரு நாடகத்துக்கும் சில தேதிகளில் மட்டும். நேஷனல் தியேட்டர் 2018-இல் எழுத்தை மூக்குக்கண்ணாடியிலேயே காட்டும் கருவியைக்கூட அறிமுகப்படுத்தியது. அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்து, எழுத்துத்திரை எந்தப் பக்கம் வைப்பார்கள் என்று கேட்டு, அந்தப் பக்கம் இருக்கை எடுக்க வேண்டும். திரைக்கு நேர் கீழே எடுத்தால் கழுத்து வலிக்கும். காது கேளாதவர்களின் இடத்தைப் பறிக்காமல், அரங்கிடம் கேட்டே எடுங்கள். இத்துடன் நாடகத்துக்கு முதல் நாள், பேருந்து ஒலிபெருக்கியில் பத்து நிமிடம் தமிழில் கதை. அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. 1952 நவம்பர் 25 முதல் லண்டனில் ஓடிக்கொண்டிருக்கும் ‘தி மவுஸ்டிராப்’ என்ற துப்பறியும் நாடகத்துக்குக் கதை சொல்லும்போது கொலைகாரர் யார் என்று சொல்லிவிடாதீர்கள். 2020-இல் கொரோனா வந்து நிறுத்தியபோது தவிர நிற்காத நாடகம் அது. முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று ஒவ்வொரு காட்சியின் கடைசியிலும் பார்வையாளர்களைக் கேட்டுக்கொள்வது மரபு.

ஷேக்ஸ்பியர் காலத்து அரங்கைப் போலவே கட்டிய குளோப் அரங்கை உங்கள் திட்டங்களில் கண்டதும் மகிழ்ந்தோம், பிறகு வாசித்தால் ‘பேருந்திலிருந்து காணல்’ என்று இருந்தது. பேருந்திலிருந்து அதைச் சரியாகக் காணவே முடியாது. அது ஆற்றங்கரை நடைபாதையைப் பார்த்து நிற்கிறது. சாம் வானமேக்கர் என்ற அமெரிக்க நடிகர் ஆண்டுக்கணக்கில் அலைந்து, திறப்பைக் காணாமலே 1993-இல் இறந்துபோக, 1997-இல் திறந்த அரங்கு. 1666-இல் லண்டன் எரிந்தபிறகு அந்த நகரில் ஓலைக்கூரை போட அனுமதி கிடைத்த முதல் கட்டடம் இது. நடுவில் திறந்த முற்றம், அங்கே சுமார் 700 பேர் நின்று பார்க்கலாம். நிற்கும் டிக்கெட்தான் எல்லாவற்றிலும் மலிவு. உங்கள் ‘ஆப்ஷனல்’ தொகையில் ஒரு குடும்பமே பார்த்துவிடலாம்.

ஆனால் அது எல்லோருக்கும் ஆகாது, அதையும் சொல்லிவிட வேண்டும். காட்சி நடக்கும்போது முற்றத்தில் தரையில் உட்கார விடமாட்டார்கள். இரண்டரை மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். மழை பெய்தாலும் நாடகம் நிற்காது, பணமும் திரும்ப வராது. குடை விரிக்கக்கூடாது, மழைக்கோட்டு கொண்டுவர வேண்டும். மேடை விளிம்பையோ பக்கச் சுவரையோ பிடித்துக்கொள்ள முந்தி வந்தவர்களுக்குத்தான் சாய இடம். மாடத்தில் உட்காரும் டிக்கெட் எடுத்தால் முதுகு சாயாத மரப் பலகை. மெத்தை வாடகைக்குக் கிடைக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். ஓரத்து மாடங்களில் மேடைத் தூண்கள் மறைக்கும். இதெல்லாம் கோடைகாலத்துக்கு. குளிர்காலக் குழுக்களுக்குப் பக்கத்திலேயே மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நடக்கும் சிறிய உள்ளரங்கு ஒன்று 2014 முதல் இருக்கிறது. அழகான இடம், ஆனால் பருமனான உடம்புக்கு நெருக்கடி.

அரங்குக்குள் நடப்பவற்றில் பாதி சங்கடம் முன்கூட்டிச் சொல்லாததால் வருவது. ஏழரை என்றால் ஏழரைக்கே தொடங்கும். தாமதமாக வந்தவர்களை மேடையில் பொருத்தமான இடைவெளி வரும்வரை வெளியே நிறுத்துவார்கள், அது இருபது நிமிடமும் ஆகலாம். ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் வாங்கிய பெரிய பைகளையும் பெட்டிகளையும் உள்ளே விடமாட்டார்கள். ஷாப்பிங்கையும் நாடகத்தையும் அடுத்தடுத்து வைக்கும் உங்கள் வழக்கத்தை முதலில் மாற்றுங்கள். மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று கைக்குழந்தையைக் கொண்டுவந்தால் வாசலிலேயே நின்றுவிட வேண்டியதுதான்: ஒவ்வொரு குழந்தைக்கும் தனி டிக்கெட், மூன்று நான்கு வயதுக்குக் குறைந்தவர்களைப் பல அரங்குகள் அனுமதிப்பதில்லை. காட்சியைப் போனில் பிடிக்கக்கூடாது. இடைவேளை பதினைந்து இருபது நிமிடம். பெண்கள் கழிவறை வரிசை அதைத் தாண்டும், பழைய கட்டடங்களில் கழிவறைகள் அவ்வளவு குறைவு. விளக்கு வந்தவுடனே எழச்சொல்லுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, இணையத்தில் டிக்கெட்டை மறுவிற்பனை செய்பவர் இருக்கை எங்கே, அச்சிட்ட விலை எவ்வளவு, டிக்கெட்டை யார் பயன்படுத்தலாம் என்ற கட்டுப்பாடு ஏதாவது உண்டா என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சட்டம் சென்னையிலும் கோவையிலும் உள்ள உங்கள் அலுவலகத்தைத் தொடாமல் இருக்கலாம். உங்கள் பயணிக்கு மட்டும் அந்த விவரம் ஏன் வேண்டாம்? சேவைக் கட்டணம் வாங்குங்கள், யாரும் குறை சொல்லப்போவதில்லை. அதை மறைக்காமல் வாங்குங்கள். பத்துப் பேருக்கு மேல் என்றால் பல அரங்குகள் திங்கள் முதல் வியாழன் வரையிலான காட்சிகளுக்குக் குழுச் சலுகை தருகின்றன. பணம் கட்டச் சில வாரம் அவகாசமும் தருகின்றன. விசா வருமா வராதா என்ற உங்கள் கவலைக்கு அந்த அவகாசம் உதவும். கடைசி நேரத்தில் இரண்டு மூன்று பேருக்கு மட்டும் வேண்டும் என்றால் லெஸ்டர் சதுக்கத்தின் மணிக்கூண்டுக் கட்டடத்தில் அரங்க உரிமையாளர் சங்கமே நடத்தும் சலுகை விலைக் கூடம் இருக்கிறது. அந்தக் கூடம் தொடங்கியது 1980-இல். சுற்றிலும் ‘பாதி விலை’ என்று பலகை மாட்டியிருக்கும் கடைகள் அதுவல்ல.

இனி நாங்கள் கேட்பவை.

லண்டனில் மூன்று இரவு தங்கும் எந்தத் திட்டத்திலும் ஒரு நாடகத்தை, அடிப்படைக் கட்டணத்துக்குள், பிற்பகல் காட்சியாகச் சேருங்கள். வந்திறங்கிய முதல் இரண்டு நாட்களில் வைக்காதீர்கள். மாலைக் காட்சிதான் முடியும் என்றால் அன்று காலைப் புறப்பாட்டைத் தள்ளுங்கள், ஓட்டுநரின் மூன்று மணி நேர ஓய்வை முன்பே எழுதிவையுங்கள்.

விருப்பத் தேர்வாகவே விற்பவர்கள், பணம் வாங்கும் முன்பே நாடகத்தின் பெயர், அரங்கு, தளம், வரிசை, டிக்கெட்டில் அச்சிட்ட விலை, உங்கள் கட்டணம், ஏற வேண்டிய இறங்க வேண்டிய படிகள் எத்தனை என்பதை எழுத்தில் கொடுங்கள். படிகளின் எண்ணிக்கையை அரங்கின் டிக்கெட் அலுவலகத்தில் கேட்டாலே சொல்வார்கள். டிக்கெட்டைப் பயணியின் கையில் கொடுங்கள்.

எழுத்துத்திரை உள்ள காட்சித் தேதிகளைப் பார்த்த பிறகு பயணத் தேதியை முடிவு செய்யுங்கள். ஆண்டில் ஒரு குழுவுக்காவது இதைச் செய்ய முடியும்.

குளோபில் ‘காணல்’ என்பதை எடுத்துவிடுங்கள். ஒன்று உள்ளே கூட்டிப்போங்கள், அல்லது அந்த வரியையே அடித்துவிடுங்கள்.

அடுத்த கோடைக்கான முன்பதிவு முடிவதற்குள் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம். திருத்திய பயணத் திட்டமே பதிலாக வந்தாலும் போதும். இருக்கை வரைபடம் பார்த்துச் சொல்ல, காட்சி நேரத்தைப் பேருந்து நேரத்தோடு பொருத்திக் கொடுக்க ஆள் இல்லை என்றால் கேளுங்கள். செய்து தருகிறோம், கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
லண்டன் அரங்குகளுக்குத் தமிழ்க் குழுக்களை அழைத்துச் செல்வோர் சிலர்